மண்ணின் ஆழமும் பயிர்க்கடனும்

பயிர்க்கடன் கோரி அங்கத்தினர் ஒருவர் மனுச் செய்யும்போது, நிலத்தின் புல எண், பரப்பு, பயிரின் பெயர் ஆகியவை தவறாமல் எழுதப்படுகின்றன. அந்நிலத்தின் மண் எவ்வகையைச் சேர்ந்தது, எத்தனை அடி ஆழமுடையது என்பவை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆயினும், வாங்கிய கடன் தவணைக்குள் திரும்புமா, பாக்கியாய் நிற்குமா என்பதைப் பல சமயங்களில் முடிவு செய்வது அந்த எழுதப்படாத செய்தியே. சங்கங்களின் பேரேடுகளைப் பார்வையிடும் பணியில் உள்ள நாம், இதனை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவருவது கடமை எனக் கருதுகிறோம்.

பயிருக்குப் பயிர் ஏக்கருக்கு வழங்கத்தக்க கடனின் அளவு வேறுபடும். உளுந்துக்குக் குறைவாகவும், பருத்திக்கு அதனினும் கூடுதலாகவும், இறவை வாழைக்கு மிகுதியாகவும் அளவு விதிக்கப்படுகிறது. கூடுதல் தொகை கிடைக்கும் பயிரை நோக்கி மனம் செல்வது இயல்பே. ஆனால் கடன் தொகையைக் கண்டு பயிரைத் தேர்ந்தால், அதனை ஏற்கவோ மறுக்கவோ போவது மண்ணேயன்றிச் சங்கத்தின் நிர்வாகக் குழு அன்று. தமிழ்நாட்டில் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடன் வட்டியின்றிக் கிடைக்கிறது. விளைச்சல் பொய்த்துத் தவணை தவறினால் அச்சலுகை போகிறது, வட்டியும் சேர்கிறது, மறு ஆண்டுக் கடனுக்கும் தடை உண்டாகிறது. ஆதலின் மண்ணை அறிதல் என்பது வேளாண்மைப் பாடம் மட்டுமன்று, சிக்கனப் பாடமுமாகும்.

1986-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்றற்கொன்று முற்றிலும் மாறுபட்ட ஐவகை மண் அம்மாவட்டத்தில் அடுத்தடுத்துக் காணப்படுகிறது. ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டரே. அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. குறுகிய காலத்தில் பெய்யும் அம்மழையை எந்த மண் எவ்வளவு காலம் சேமித்து வைக்கும் என்பதே அங்குள்ள வேளாண்மையின் மூலக்கேள்வி.

கரிசல்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டங்களில் கரிசலே மிகுதி. மகாராஷ்டிரத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து தோன்றியது. தென்பாண்டிக் கரிசலோ சுண்ணாம்புச் சத்துள்ள வேறுவகைப் பாறை சிதைந்து உண்டானது. இரண்டிற்கும் பொதுவான இயல்பு களிமண் மிகுந்திருப்பதாகும். நூறு பங்கு மண்ணில் நாற்பது முதல் அறுபது பங்கு வரை மிக நுண்ணிய களித்துகளே இருக்கும். நனைந்தால் அது பருத்து ஒட்டுகிறது. காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது.

கருமை கண்டு வளம் மிக்கது என்று எண்ணிவிடுதல் கூடாது. கரிசலில் தழைச்சத்தும் மட்கும் குறைவே. அதன் செல்வம் அது பிடித்து வைக்கும் ஈரம். நன்றாக நனைந்த கரிசல், ஓர் அடி ஆழத்தில், ஒன்றரை முதல் இரண்டு அங்குல நீரைப் பயிருக்குக் கொடுக்கவல்லது. அதே ஆழமுள்ள மணல் முக்கால் அங்குலத்திற்கு மேல் தருவது அரிது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்கு வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் ஐந்திலொரு பங்கு நீரைச் செலவிடுகிறது. ஓர் அடி ஆழமே கரிசல் இருந்து, அதன் கீழ்ச் சுக்கான் பாறை தட்டுமாயின், அதிலுள்ள 2 அங்குல நீர் பத்து நாளில் தீர்ந்துவிடும். மூன்று அடி ஆழமிருந்தால் 6 அங்குல நீர் முப்பது நாளுக்கு வரும். மேலே பார்க்க இரு நிலங்களும் ஒரே கருப்பு. உள்ளேயுள்ள இருப்போ ஒன்றுக்கு மூன்று.

உளுந்தும் பாசிப்பயறும் எழுபது நாள் அளவில் முடிந்துவிடும். மழைக்காலம் தீருமுன்னரே காய்த்துவிடும். பருத்தியோ மார்கழியில் மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் நிலத்தில் நிற்பது. அக்காலம் முழுவதும் அது ஆழ்மண்ணின் ஈரத்தையே நம்பி வாழ்கிறது. ஆகவே மூன்று அடிக்குக் குறையாத கரிசலில் மானாவாரிப் பருத்தியும், நடுத்தர ஆழத்தில் சோளம், சூரியகாந்தி, கொத்தமல்லி ஆகியவையும், மேலாகச் சுக்கான் தட்டும் நிலத்தில் பயறு வகைகளும் கம்பும் இடுதலே தக்கது.

கரிசல் நனைந்தபின் அதில் ஏர் இறங்காது. மாடும் இயந்திரமும் புதையும். இதனை முன்னிட்டே மழைக்கு முன்னர்ப் புரட்டாசி முற்பாதியில் புழுதி விதைப்புச் செய்யும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. விதையை இரண்டு அங்குல ஆழத்தில் இடவேண்டும். அவ்வாறு இட்டால் சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாமல், நிலத்தை நனைக்கும் மழை பெய்த பின்னரே முளைக்கும். 1901-ஆம் ஆண்டு முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களைப் பற்றியே ஆராய்ந்து வருகிறது. ‘கே’ என்னும் எழுத்தைத் தாங்கிய பருத்தி இரகங்களும் சோள இரகங்களும் அங்கிருந்து வெளிவந்தவையே.

நெசவாளர் கவனத்திற்கு

மண்ணைப் பற்றிய இச்செய்தி தறியில் அமர்ந்திருப்போருக்கும் உரியது. காய் முற்றும் காலத்தில் ஈரம் போதாதாயின், பருத்தி இழையின் சுவர் தடிப்பதில்லை. அத்தகைய முதிராத இழை நூற்கும்போது சிறு முடிச்சுகளாகத் திரளும். நூல் பாவில் அடிக்கடி அறுபடும். சாயத் தொட்டியில் இட்டால் நிறத்தைச் சரிவர ஏற்காமல் துணியில் வெளிறிய புள்ளிகளாய்த் தெரியும். சாயக்காரர் மீதும் நூற்பாலை மீதும் நாம் சுமத்தும் குறைகளுள் சில, சுக்கான் மேட்டில் பருத்தி இட்டதன் விளைவாகவும் இருக்கலாம். உழவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஒரே இழையின் இரு முனைகள் என்பது இதனால் விளங்கும்.

செவல்

கோவில்பட்டி, கயத்தாறு வட்டங்களின் மேட்டுப் பகுதிகளிலும் சாத்தான்குளம் வட்டாரத்திலும் செம்மண் நிலங்கள் உண்டு. இரும்புத்தாது துருவேறியதே இச்சிவப்பிற்குக் காரணம். மண் இளகியது, நீர் எளிதில் இறங்கும், அவ்வாறே எளிதில் வடிந்தும் போகும். கனமழைக்குப் பின் மேற்பரப்பு இறுகி ஓடுகட்டுவதால் முளை வெளிவர இயலாமல் மடிவதும் உண்டு.

நிலக்கடலைக்கு இம்மண் மிகப் பொருத்தம். பூ உதிர்ந்தபின் இறங்கும் விழுது இளகிய மண்ணிலேதான் தடையின்றிப் புகும். அறுவடையிலும் காய் மண்ணில் தங்கிவிடாமல் செடியோடு வரும். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குச் சுற்றுப்புறத்து நிலக்கடலையே நெடுங்காலமாய் ஆதாரமாயிற்று. நாற்பது முதல் நாற்பத்தைந்து நாளில், மண் அணைக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டால் காய்கள் பொக்காகாமல் திரளும். கம்பு, துவரை, நெல்லி, புளி, மா ஆகியவையும் செவலுக்கு ஏற்றவை. உரிய அனுமதி பெற்றுக் குளத்து வண்டலை அள்ளிச் செவலில் பரப்புவது ஈரம் காக்கும் வழிகளுள் சிறந்ததாகும்.

தேரி

திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் காற்றால் குவிக்கப்பட்ட செம்மணல் மேடுகள் தேரி எனப்படும். குதிரைமொழித் தேரி யாவரும் அறிந்தது. பார்வைக்குச் செவலைப் போல் இருந்தாலும் தேரி செவல் அன்று. அது பெரும்பாலும் மணலே. உரமிட்டாலும் நீரோடு கீழே இறங்கிவிடும். ஆடி மாதக் காற்றில் மேல்மணல் நகர்ந்து இளஞ்செடியை மூடிவிடும்.

அங்கே நிலைத்து நிற்பது பனை. உடன்குடிக் கருப்பட்டியின் புகழ் இம்மணலில் வேரூன்றிய பனைகளால் வந்தது. முந்திரியும், சொட்டுநீர் வசதி இருப்பின் முருங்கையும் பயிராகும். நீர் மிகுதியாய் வேண்டும் பயிருக்கெனத் தேரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டக் கடன் கேட்போர் இருமுறை சிந்தித்தல் நலம். கடற்கரையை ஒட்டிய நிலங்களில் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே புகும். பின்னர் அதனை வெளியேற்றுதல் எளிதன்று.

வண்டல்

மருதூர் அணையாலும் திருவைகுண்டம் அணையாலும் பாசனம் பெறும் தாமிரபரணிக் கரை வண்டல் நிலம், மாவட்டத்தின் நெற்களஞ்சியம். நெல்லும் வாழையும் வெற்றிலையும் இங்கு விளைகின்றன. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைக்கும் வெற்றிலைக்கும் ஈரம் வேண்டும். ஆனால் வேரில் நீர் தேங்கலாகாது. ஆகவே இங்கே கடனிலிருந்து முதலில் செலவிடத்தக்கது வடிகால் வெட்டுவதற்கே.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இங்கு நினைவுகூரத்தக்கது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. குளங்கள் உடைந்து, ஆறு கரைபுரண்டு, பல வயல்கள் மேல்மண்ணை இழந்தன. பல வயல்களில் மணல் மேடிட்டது. அத்தகைய நிலத்தைப் பழைய வண்டல் என்று நினைத்துப் பழைய அளவிலேயே உரமும் நீரும் கணக்கிடுதல் பிழையாகும். வெள்ளம் புகுந்த வயலைப் புது நிலமாகவே கருதி மீண்டும் சோதித்தல் வேண்டும்.

உவரும் களரும்

உப்பளங்கள் நிறைந்த கடற்கரையை அடுத்தும், வடிகாலற்ற தாழ்நிலங்களிலும் கெட்டுப்போன மண் காணப்படுகிறது. இதில் இருவகை உண்டு. இரண்டிற்கும் மருந்து வேறு. மேலே வெள்ளையாய் உப்புப் பூப்பது உவர். நல்ல நீரைக் கட்டி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றினால் அது திருந்தும். சோடியம் மிகுந்து, கார அமில நிலை எட்டரைக்கு மேற்பட்டு, நனைந்தால் கூழாகிக் காய்ந்தால் கல்லாகும் மண் களர். இதனை நீரால் மட்டும் கழுவ முடியாது. பரிசோதனையில் கூறும் அளவு ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவேண்டும். வகையறியாமல் செய்யும் செலவு அவ்வளவும் வீணாகும்.

கிராமக் கணக்கும் மண்வெட்டியும்

கிராமத்து ‘அ’ பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’ என ஒரு கலம் உண்டு. அது நிலத்தீர்வை விதிப்பதற்காக எழுதப்பட்டது. பயிரைத் தேர்வதற்காக அன்று. 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி தழை, மணி, சாம்பல் சத்துகள், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை உள்ளிட்ட பன்னிரண்டு விவரங்கள் கிடைக்கின்றன. அவை பயனுள்ளவையே. எனினும், அதற்குரிய மண் மாதிரி மேலிருந்து அரையடி ஆழத்திலேயே எடுக்கப்படுவதால், அதற்குக் கீழ் என்ன உள்ளது என்பதை அட்டை சொல்லாது. அதனைச் சொல்லவல்லது மண்வெட்டியும் கடப்பாரையுமே.

ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் கோடையில் மூன்று காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, ஏக்கருக்கு ஒன்றிரண்டு இடங்களில் மூன்றடிக் குழி தோண்டி, மண் எத்தனை அடிவரை உள்ளது, சுக்கானோ சரளையோ எங்கே தட்டுகிறது என அளந்து குறித்தல்.

இரண்டாவது, ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு மண்ணும் மீதி நீரும் இட்டுக் குலுக்கி வைத்தல். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும்; வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும்; களி நாள் கடந்தும் நீரைக் கலங்கலாக வைத்திருக்கும். படிந்த அடுக்குகளின் உயரமே மண்ணின் இயல்பைக் காட்டும்.

மூன்றாவது, வயலில் பதினைந்து இடங்களிலேனும் ‘வி’ வடிவக் குழி வெட்டி, அரையடி ஆழம் வரை மண்ணைச் சீராகச் சுரண்டி எடுத்து, கலந்து, நாற்பங்கிட்டு எதிர்ப்பங்குகளை நீக்கி நீக்கி அரைக் கிலோவாக்கி, மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புதல். வரப்போரமும் எருக்குவியல் இருந்த இடமும் மர நிழலும் மாதிரிக்கு ஆகா.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கடன் மனுவோடு அடங்கல் நகலை வாங்குவது போன்றே, மண்ணின் வகையையும் ஆழத்தையும் ஒரு வரியில் எழுதி வாங்குவதற்கு நிர்வாகக் குழுக்கள் தீர்மானிக்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. கடனை மறுப்பதற்கான தடையாக அதனைக் கொள்ளாமல், அங்கத்தினரோடு அமர்ந்து பேசுவதற்கான குறிப்பாகக் கொள்ளவேண்டும். ஓரடிக் கரிசலில் பருத்திக்கு மனுச் செய்பவரிடம், “இந்நிலத்திற்கு உளுந்து போதுமே, ஐயா” என்று பருவத்திற்கு முன் சொல்வது, அறுவடைக்குப் பின் பாக்கி அறிவிப்பு அனுப்புவதைக் காட்டிலும் அங்கத்தினருக்கும் சங்கத்திற்கும் நன்மை பயக்கும். அடுத்த புரட்டாசி விதைப்புக்கு முன் ஒவ்வொரு கிராமத்திலும் பத்துக் குழிகளேனும் வெட்டப்பட்டு, அவற்றின் ஆழம் சங்கத்தின் குறிப்பேட்டில் ஏறுமாயின், அவ்வாண்டின் கடன் கணக்கு உறுதியான நிலத்தின்மீது நிற்கும்.