கோவையில் எங்கே சும்மா நடக்கலாம், எங்கே அனுமதி வாங்கணும்? குளக்கரை முதல் வெள்ளியங்கிரி வரை

கோவையில் மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் மலை தெரியும். வடவள்ளி, தொண்டாமுத்தூர், தடாகம், பெரியநாயக்கன்பாளையம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட கொல்லைப்புறம். அதனால் "சும்மா ஒரு எட்டு மலைப் பக்கம் நடந்துட்டு வரலாம்" என்ற பேச்சு இங்கே அடிக்கடி காதில் விழும். தினமும் ரேஸ்கோர்ஸில் நடக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் நடக்க ஆசைப்படுவதும் இயல்புதான்.

ஆனால் இந்த இரண்டு நடைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதுதான் காப்புக்காட்டின் எல்லை. பல இடங்களில் அங்கே வேலி இருக்காது. ஒற்றையடிப் பாதை அப்படியே தொடரும். அதைத் தாண்டினால் சட்டமும் வேறு, ஆபத்தும் வேறு. 2020 ஜனவரியில் பாலமலைப் பகுதியில் அனுமதி இல்லாமல் நடக்கப் போன ஒரு குழு யானையிடம் சிக்கியது. ஒரு பெண் உயிரிழந்தார். போனவர்கள் யாரும் சாகசக்காரர்கள் இல்லை. வார இறுதியில் நடக்கக் கிளம்பிய சாதாரண நகரவாசிகள்.

அப்படியென்றால் கோவைக்காரர்கள் எங்கே தாராளமாக நடக்கலாம், எங்கே அனுமதி வாங்க வேண்டும், எங்கே போகவே கூடாது?

யாரையும் கேட்காமல் நடக்கக்கூடிய இடங்கள் எவை?

முதலில் ரேஸ்கோர்ஸ். ஒருகாலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த இடம் என்பதால் வந்த பெயர். சுமார் 2.5 கி.மீ. சுற்றளவுள்ள நடைபாதை. ஒரு சுற்று முடிக்க அரை மணி நேரம் போதும்.

அடுத்தது குளங்கள். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் நொய்யல் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி அமைக்கப்பட்ட பழைய சங்கிலி இது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, செல்வசிந்தாமணி, முத்தண்ணன் குளம் உள்ளிட்டவற்றில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரைகள் சீரமைக்கப்பட்டு நடைபாதைகள் வந்திருக்கின்றன. மாலை நேரத்தில் குடும்பத்தோடு நடக்க வசதியான இடங்கள். பறவை பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு சிங்காநல்லூர் குளம். 2017-ல் மாநகராட்சி இதை நகர்ப்புற பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது.

புது வரவு, காந்திபுரம் செம்மொழிப் பூங்கா. 2010-ல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது பேசப்பட்ட திட்டம், மத்திய சிறை வளாக நிலத்தில் 45 ஏக்கரில் உருவாகி, 2025 நவம்பர் 25-ம் தேதிதான் திறக்கப்பட்டது. இங்கே நுழைவுக் கட்டணம் உண்டு.

இவை எல்லாமே நகரத்துக்குள். கொஞ்சம் கிராமத்துப் பக்கம் நடக்கணும் என்றால், கொங்கு நாட்டுக்கே உரிய பாதை ஒன்று உண்டு: இட்டேரி. இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு மண் தடம். கிளுவையும் கள்ளியும் பிரண்டையும் பின்னிக் கிடக்கும் அந்த வேலிக்குள் ஓணான், காடை, கௌதாரி, கீரி என்று ஒரு தனி உலகமே இருக்கும். தார் ரோடும் கம்பி வேலியும் வந்த பிறகு இட்டேரிகள் வேகமாகக் குறைந்துவிட்டன. மிச்சமிருப்பவை ஊர்க்காரர்கள் தினசரி புழங்கும் வழி என்பதால் நடக்கத் தடையில்லை. தோட்டத்துக்குள் மட்டும் கேட்காமல் இறங்கக் கூடாது. மலையடிவாரத்து இட்டேரிகளில் அந்தி சாய்ந்த பிறகு நடக்க வேண்டாம்.

காப்புக்காடு என்றால் என்ன? ஏன் சும்மா நுழையக் கூடாது?

அரசு சட்டப்படி எல்லை வகுத்து வனத்துறையிடம் ஒப்படைத்த காடுதான் காப்புக்காடு. இதற்கு அடிப்படை 1882-ம் ஆண்டின் வனச் சட்டம். வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்த சட்டம் இன்றும் தமிழ்நாடு வனச் சட்டமாக அமலில் இருக்கிறது. அதன்படி அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். மரம் வெட்டினால்தான், வேட்டையாடினால்தான் தப்பு என்றில்லை. சும்மா நடந்தாலும் அபராதம் விழலாம். ஆனைமலை புலிகள் காப்பகம் போன்ற இடங்களில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே பலரும் கேட்கிற கேள்வி: "அந்த ஊர்க்காரங்க மட்டும் தினமும் போயிட்டு வர்றாங்களே?"

போகலாம். காட்டுக்குள்ளும் காட்டை ஒட்டியும் வாழும் இருளர், முதுவர், காடர் போன்ற பழங்குடி மக்களுக்கு, 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருட்கள் சேகரிப்பது உள்ளிட்ட உரிமைகளை அங்கீகரிக்கிறது. அது அவர்களுடைய வாழ்விடம். தேன் எடுக்கப் போகிறவருக்கு யானை எந்தப் பக்கம் நிற்கும், எந்த ஓடையில் தண்ணீர் ஏறும் என்பது தெரியும். அவர் நடந்த தடம் என்பதால் நமக்கும் அது பாதை ஆகிவிடாது. கூகுள் மேப்பில் கோடு காட்டுகிறது என்பதும், ரீல்ஸில் யாரோ அருவியில் குளிக்கிறார்கள் என்பதும் அனுமதிக்குச் சமம் இல்லை.

வெளிநாட்டு வீடியோ பார்ப்பவர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், தனியார் நிலத்தின் பெரும்பகுதியில்கூடப் பொறுப்போடு நடக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கிறது. ஆனால் அங்கே பாதை வளைவில் யானை நிற்காது.

யானை விஷயத்தில் கோவை ஏன் தனி?

கோவை வனக்கோட்டத்தில் மதுக்கரை, கோவை, போளுவாம்பட்டி, பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை என ஏழு வனச்சரகங்கள். இவை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் கிடக்கின்றன. ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் வீடுகள், கல்லூரிகள், வாழைத் தோட்டங்கள். கேரளக் காடுகளுக்கும் சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளுக்கும் இடையே வலசை போகும் யானைகள் இந்தக் குறுகலான பட்டையில்தான் நடந்தாக வேண்டும். மேட்டுப்பாளையம் கல்லாறு அருகே அந்த வழி இன்னும் ஒடுங்குகிறது.

அதாவது நாம் 'அடிவாரத்தில் ஒரு வாக்' போக நினைக்கும் அதே சமதளம்தான் யானைக்கும் நடக்க வசதியான இடம். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அவை அதிகம் நடமாடும் பொழுது. வாக்கிங் போகிறவர்கள் கிளம்புவதும் அதே பொழுதில்தான். மணிக்கு சுமார் 25 கி.மீ. வேகத்தில் வரக்கூடிய விலங்கை, புதர் மண்டிய சரிவில் ஓடித் தாண்ட முடியாது.

மருதமலை, அனுவாவி சுப்பிரமணியர் கோயில் போன்ற அடிவாரக் கோயில்களுக்குப் படியேறிப் போகிறவர்களும் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். யானை நடமாட்டம் இருக்கும் நாட்களில் நேரக் கட்டுப்பாடு வரும். "இன்னிக்கு வேண்டாம்" என்று காவலர் சொன்னால் திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மலையேற்ற விதிகள் எப்போது இறுகின?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து இன்னொரு குழுவும் மலையில் இருந்தன. காய்ந்த புல் சரிவில் தீ பரவியபோது தப்ப வழி தெரியாமல் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். கொங்கு மண்டலத்தில் பல வீடுகளில் இது செய்தி அல்ல, சொந்தத் துக்கம்.

அதற்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டு வந்தது. பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று பிரிப்பது, அனுமதி பெறுவது, வழிகாட்டியோடு மட்டும் போவது ஆகியவை கட்டாயமாயின. கோடையில் தீ அபாயம் கூடும்போது மலையேற்றத்தையே நிறுத்தி வைக்கிறார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அப்படி நிறுத்தப்பட்டது.

அனுமதியோடு எங்கே போகலாம்?

2024 அக்டோபர் 24-ம் தேதி தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம்தான் இப்போது முக்கிய வழி. 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு இது அறிமுகமானது. ஆன்லைனில் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். அவர்களில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. கட்டணத்தில் ஒரு பங்கு காட்டோரக் குடும்பங்களுக்கு வேலையாகப் போய்ச் சேர்கிறது.

கோவை மாவட்டத்தில் ஆழியாறு கால்வாய்க் கரை, டாப்சிலிப் – பண்டாரவரை, மானாம்பள்ளி, சாடிவயல் – சிறுவாணி, செம்புக்கரை – பெருமாள்முடி, வெள்ளியங்கிரி ஆகிய பாதைகள் பட்டியலில் இடம்பெற்றன. முதல்முறை போகிறவர்கள் கடினப் பாதையில் ஆரம்பிக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எளிதான பாதைகள் மட்டும், அதுவும் பெற்றோரோடு.

டாப்சிலிப்புக்குப் போகிறவர்கள் ஒரு கல்லறையையும் பார்த்துவிட்டு வரலாம். மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டு வெட்டிக் கடத்திய இடம் என்பதால் வந்த பெயர் டாப்சிலிப். அப்படி மொட்டையான காட்டில் மீண்டும் தேக்கு வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. நடக்கும்போதே கைத்தடியால் குழி போட்டு, பையிலிருந்து விதை எடுத்துப் போட்டுக்கொண்டே போவார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்த அவருக்கு அந்தத் தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே கல்லறை.

'அவ்வளவு தூரம் ஏற முடியாது, ஆனா காடு பார்க்கணும்' என்கிறவர்களுக்குப் பரளிக்காடு. காரமடை வனச்சரகத்தில், பில்லூர் அணை நீர்ப்பரப்பை ஒட்டிய சூழல் சுற்றுலா இது. வார இறுதியில் முன்பதிவு செய்தால் பரிசல் பயணம், பழங்குடிப் பெண்கள் சமைத்த மதிய உணவு, வழிகாட்டியோடு சின்ன நடை. வயதானவர்களையும் அழைத்துப் போகலாம்.

வெள்ளியங்கிரிக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை தாண்டி உச்சியில் சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்கும் பயணம் இது. பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களுக்கு அனுமதி. இரவில் ஏறி விடிகாலையில் உச்சியைத் தொடுவது பலருடைய வழக்கம். கையில் மூங்கில் தடி, வழியில் கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை. உச்சியில் நடுங்க வைக்கிற குளிர்க் காற்று.

வருடா வருடம் போகிறவர்கள் இதை ஈசியாகச் சொல்வார்கள். அதை நம்பி ஏறக் கூடாது. ஒரே இரவில் ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஏறுவது இதயத்துக்குப் பெரிய வேலை. 2024 பருவத்தில் மூச்சுத்திணறல், மாரடைப்பு எனப் பலர் உயிரிழந்தார்கள். இதயநோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஏற வேண்டாம். பாட்டிலுக்கு 20 ரூபாய் வைப்புத்தொகை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பருவம் முடிந்த பிறகு தனியாக ஏறுவது அத்துமீறலாகவே கருதப்படும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

● போகும் இடம் காப்புக்காடா என்று தெரியவில்லையா? வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். 'ஊர்க்காரர் சொன்னார்' என்பது அனுமதி ஆகாது.

● அனுமதி சீட்டில் எழுதியிருக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். அருவி, வியூ பாயின்ட் என்று வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள்.

● ஈரம் காயாத யானைச் சாணம், புதிதாக ஒடிந்த கிளை, மூங்கில் முறியும் சத்தம் – இதில் எது தெரிந்தாலும் வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். போனை எடுத்து வீடியோ பிடிக்க வேண்டாம்.

● தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சிறுவாணி, கோவை குற்றாலம் பக்கம் ஓடைகள் திடீரெனப் பெருகும். மூடியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

● தீப்பெட்டி, சிகரெட், மது வேண்டவே வேண்டாம். மார்ச் மாதத்துப் புல்லுக்கு ஒரு பொறி போதும்.

● எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். மலை மறைவில் சிக்னல் கிடைக்காது.

தினசரி உடற்பயிற்சிக்குக் குளக்கரையும் ரேஸ்கோர்ஸும் தாராளம். காடு பார்க்கணும் என்றால் ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிட்டு, வழிகாட்டியோடு போகலாம். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். மலை எங்கேயும் போய்விடாது.