காத்து அடிச்சா பந்து எங்கே போகும்? தவறிய கேட்சுக்குப் பின்னால் ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வட்டாரத்தில் காலி நிலமெல்லாம் கிரவுண்டுதான். ஷூ கம்பெனிக்கு லீவு, கையில் டென்னிஸ் பந்து. கடைசி ஓவரில் உயரமாக எழும்பிய பந்துக்கு நேர் கீழே ஃபீல்டர் போய் நிற்கிறார். பந்தோ அவருக்குப் பின்னால் போய் விழுகிறது. "கையில வந்த கேட்சை விட்டுட்டான்" என்று டீமே திட்டுகிறது. உண்மையில் அந்தப் பந்து கைக்கு வரவே இல்லை. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

எவ்வளவு தள்ளும்? அதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

எல்லாப் பந்தும் ஒன்றில்லை

காற்று பந்தின் பரப்பைப் பிடித்துத் தள்ளுகிறது. பந்தின் எடை அதைத் தடுக்கப் பார்க்கிறது. அதனால் ஒரு கிராம் எடைக்கு எவ்வளவு பரப்பு என்பதுதான் முக்கியம்.

கிரிக்கெட் பந்து சுமார் 7.2 செ.மீ. விட்டமும் 160 கிராம் எடையும் கொண்டது. டென்னிஸ் பந்து 6.7 செ.மீ., 58 கிராம். பார்க்க ஏறக்குறைய ஒரே சைஸ், ஆனால் எடை மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். எனவே ஒரே காற்று, கிரிக்கெட் பந்தைவிட டென்னிஸ் பந்தைச் சுமார் இரண்டரை மடங்கு வலுவாக அலைக்கழிக்கும். தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டத்தின் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம்தான். அதுவும் ஏறக்குறைய இதே கணக்கு. கால்பந்துக்கு மூன்றரை மடங்கு. வாலிபாலுக்கு ஐந்து மடங்கு!

டி.வி.யில் கமென்டேட்டர் சொல்லும் காற்றுக் கணக்கை ஊர் கிரவுண்டில் அப்படியே நம்ப முடியாது என்பது இதனால்தான்.

20 கி.மீ. காற்று என்ன செய்யும்?

காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு பந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 20 கி.மீ. என்றால், பந்துக்கு அது 120 கி.மீ. வேகத்தில் போவதுபோல. எதிர்ப்பு 44 சதவீதம் கூடிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் எதிர்ப்பு 36 சதவீதம் குறையும். ஒரு பக்கம் சிக்ஸ் போகும் ஷாட், மறுபக்கம் பவுண்டரி கோட்டுக்குள்ளேயே கேட்ச் ஆவது இப்படித்தான்.

பக்கவாட்டுக் காற்றும் லேசுப்பட்டது அல்ல. நான்கு விநாடி மேலே நிற்கும் கிரிக்கெட் பந்தை, 20 கி.மீ. காற்று தோராயமாக 4, 5 மீட்டர் நகர்த்திவிடும். டென்னிஸ் பந்து என்றால் அதைப்போல் இரு மடங்கு. ஃபீல்டருக்கு அது சில விநாடிகளில் ஓடிக் கடக்க வேண்டிய தூரம்.

வெயில், உயரம், ஈரப்பதம்

சூடான காற்று லேசானது. 20 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறையும். மே மாத மதியம் அடிக்கும் பந்து, மார்கழிக் காலையில் அடிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். உயரமும் அப்படித்தான். சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள ஏலகிரியில், சென்னையைவிடக் காற்றின் அடர்த்தி 10 சதவீதம் அளவுக்குக் குறைவு.

"ஈரக்காத்து கனமா இருக்கும், பந்து போகாது" என்பது மட்டும் தப்பு. நீராவி, உலர்ந்த காற்றைவிட லேசானது. 30 டிகிரி வெயிலில் ஈரப்பதம் முழுமையாக இருந்தாலும் அடர்த்தி 2 சதவீதத்துக்கும் கீழேதான் குறையும். பந்து ஈரத்தில் ஊறி எடை கூடுவது வேறு விஷயம்.

ஆப்பை நம்பலாமா?

போனில் காட்டும் காற்றின் வேகம் பொதுவாகத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. அதுவும் ஒரு பரந்த பகுதிக்கான கணிப்பு. தலை உயரத்தில் காற்று அதைவிடக் குறைவாகவும், 10 மீட்டருக்கு மேல் பறக்கும் பந்துக்கு அதைவிட அதிகமாகவும் இருக்கும். எனவே புல்லைக் கிள்ளித் தூவிப் பார்ப்பது பாதிக் கணக்குதான். தென்னை மர உச்சியில் மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பாருங்கள். உயர்ந்த கேட்சைத் தீர்மானிப்பது அந்தக் காற்றுதான்.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வரும். பிட்ச் வடக்கு-தெற்காக இருந்தால், வடக்கு முனையில் நிற்கும் வலது கை பேட்டருக்கு லெக் சைடு ஷாட் காற்றோடு கிழக்கே பறக்கும். தெற்கு முனைக்கு மாறினால் அதே ஷாட் எதிர்க்காற்றில் சிக்கும். எந்த முனையில் யாருக்கு ஓவர் கொடுப்பது, டீப் ஃபீல்டரை எங்கே நிறுத்துவது என்பதை கேப்டன் இதை வைத்தே முடிவு செய்யலாம். வாலிபாலில் காற்றுக்கு எதிரே நின்று செய்யும் சர்வீஸ் சீக்கிரம் கீழிறங்கும், கோர்ட்டுக்குள் விழ வாய்ப்பு அதிகம். காற்றோடு அடித்தால் கோட்டைத் தாண்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கோடை மழைக்கு முன்னால் திடீரென்று குளிர்ந்த காற்று வீசினால், அதுவரை போட்ட கணக்கெல்லாம் செல்லாது. இடிமேகத்திலிருந்து இறங்கும் அந்தக் காற்று திசையையே மாத்திடும். பின்னாலேயே மின்னலும் வரும். அப்போது பந்து எங்கே போகும் என்று பார்க்காமல், திறந்த கிரவுண்டை விட்டு ஒரு கட்டடத்துக்குள் போய்விடுவதே சரி.