கரண்ட் எங்கே நின்றது?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மெக்கானிக் கடை வாசல்களில் பைக்குகள் வரிசைகட்டி நிற்கும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுண்ணே. காலையில உதைச்சு உதைச்சுக் காலு வலிக்குது, புர்ருன்னுகூட சொல்ல மாட்டேங்குது." கடைப் பையன் பிளக்கைக் கழற்றி, கேப்போடு சேர்த்து இன்ஜின் ஹெட்டில் சாய்த்துவைத்து ஓர் உதை உதைப்பான். "கரண்ட் இல்லண்ணே." பல கடைகளில் மெக்கானிக்கின் பதில் முன்கூட்டியே தயார்: "சிடிஐ போயிருக்கும். மாத்திரலாமா தம்பி?"

"கரண்ட் இல்ல" என்பதற்கும் "சிடிஐ போயிருக்கும்" என்பதற்கும் நடுவில் குறைந்தது அரை மணி நேர வேலை இருக்கிறது. அது நடக்காததால்தான் உயிரோடிருக்கும் பாகங்களைக் கழற்றி எறிகிறார்கள், சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிய புதுப் பெட்டியோடு கிளம்பிய வண்டி அடுத்த மழைக்கு மறுபடி நிற்கிறது. சிடிஐ என்பது பொறிக்கான மின்சாரத்தைக் காயிலுக்கு அனுப்பும், பிசின் ஊற்றி மூடிய கறுப்புப் பெட்டி. உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லாததாலேயே பழி அதன்மேல் சுலபமாக விழுகிறது. என் கட்சி இது: சந்தேகப்பட வேண்டியவற்றில் அது கடைசி.

முதலில் பிளக். கழற்றியதும் முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். எலும்புபோலக் காய்ந்திருந்தால் கரண்டைத் தேடுவதற்கு முன் கார்புரேட்டரைப் பாருங்கள். முனைக்கும் கம்பிக்கும் இடைவெளி வண்டியைப் பொறுத்து 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை இருக்கும். இருப்பதிலேயே மலிவான சாமான் பிளக்தான். ஆகவே புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போவது புத்திசாலித்தனம்.

கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதிலும் முறை இருக்கிறது. பிளக்கின் இரும்பு உடம்பு, பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிளக் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். அதன் வாய்க்கு நேரே வைத்துச் சோதித்தால் தீப்பிடிக்கும். நல்ல வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது, நிழலுக்குத் தள்ளிப்போங்கள். நீலமாகச் 'சடக்'கென்று அடித்தால் தெம்பான கரண்ட். சிவப்பாக, மஞ்சளாக மெலிந்து ஓடினால் சோகை பிடித்த கரண்ட். கேப்பை எதிலும் செருகாமல் தொங்கவிட்டபடி மட்டும் உதைக்கக் கூடாது. போக இடமில்லாத உயர் அழுத்த மின்சாரம் காயிலின் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போகும். இல்லாத கோளாறு அங்கே புதிதாகப் பிறக்கும்.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. வெளியே, சாதாரணக் காற்றில், முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட மூவாயிரம் நாலாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கிய பிறகு அதே இடைவெளிக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வெளியே பொறி விட்ட பிளக் உள்ளே போனதும் ஊமையாவது இதனால்தான். "கரண்ட் அடிக்குது, பெட்ரோல் வருது, ஆனா ஸ்டார்ட் ஆகல" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் வழக்குகளில் கணிசமானவை இந்த வகை. ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளி வைக்கத்தக்க ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதையும் தாண்டிப் பொறி குதித்தால்தான் கரண்டை நம்பலாம்.

குதிக்கவில்லையா? தெருக்குழாயில் தண்ணீர் நின்றால் எந்த வீடு வரைக்கும் வருகிறது என்று விசாரித்துக்கொண்டே போவோமே, அப்படி பிளக்கிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். முதல் வீடு பிளக் கேப். இதை ஒயரிலிருந்து திருகிக் கழற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது. உள்ளே பெரும்பாலும் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அது விட்டுப்போனால் மல்டிமீட்டர் எதுவும் காட்டாது. ஒயரின் முனையில் செம்பு இழைகள் பச்சை பூத்துக் கிடந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரிய மறுபடி திருகுங்கள். மழைக்கால வழக்குகளில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடும். இருட்டில் உதைத்துப் பார்த்தால் விரிசல் விட்ட கேப்பின் மேல் நீல நூல் ஒன்று நெளிந்து இன்ஜினுக்குப் பாய்வது கண்ணுக்கே தெரியும்.

அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது வண்டியின் வயதைப் பொறுத்தது. 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக வார்ப்பிரும்பு இன்ஜினோடு வந்த புல்லட்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் பெரும்பாலானவை பாயின்ட் வண்டிகள். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கேடிலாக் கார்களுக்குச் செய்துகொடுத்த அதே பேட்டரி-காயில் ஏற்பாடு. பாயின்ட் என்னும் சிறு சுவிட்ச் மூடியிருக்கும்போது பேட்டரி மின்சாரம் காயிலுக்குள் ஓடிக் காந்தப்புலம் உண்டாகும். பாயின்ட் திறக்கும் அந்தக் கணத்தில் புலம் சரிந்து, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். மூடும்போது பொறி வருவதாக நினைப்பவர்கள் உண்டு. இல்லை, திறக்கும்போதுதான்.

புல்லட்காரருக்கு மல்டிமீட்டரே வேண்டாம். ஹெட்லைட்டுக்கு மேலே அம்மீட்டர் என்று ஒரு சின்ன வட்டம் இருக்கிறதே, அதுவே மருத்துவர். சாவியைப் போட்டுவிட்டு, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரைக் காலால் மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும். பழைய ஓட்டிகள் சரியான இடம் பார்த்து உதைப்பதற்கு இந்த முள்ளைத்தான் பார்ப்பார்கள். அது சொல்வதைக் கேளுங்கள். முள் அசையவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரமே போகவில்லை: ஃபியூஸ், சாவி சுவிட்ச், பேட்டரி முனை, ஒயர், இல்லையென்றால் எண்ணெய் படிந்து அழுக்கேறிய பாயின்ட். சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தும் பயனில்லை. இடைவெளி அடைந்துபோயிருக்கும், பாயின்ட்டோடு இணைந்த கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்கும், பாயின்ட்டை மாற்றியவர் இன்சுலேட்டர் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருப்பார். முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் பொறி இல்லையா? கோளாறு காயிலுக்கு அந்தப் பக்கம், அல்லது செத்துப்போன கண்டன்சரில். பாயின்ட்டைத் திறந்து பார்க்கும்போது அங்கேயே நீலமாகப் பொறி பறந்தால், முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால், குற்றவாளி கண்டன்சர்தான்.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. வழியில் நின்றால் சரி. ஆனால் எல்லாருடைய கார்டும் ஒரே தடிமன் இல்லையே! எமரி பேப்பரில் தேய்த்த பிறகு முனைகளைப் பெட்ரோலில் துடைக்காமல் விடுவது அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு. எமரித் தூளே கரண்டைத் தடுத்துவிடும். சாவியைப் போட்டபடியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் வேண்டாம். பாயின்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெடும், பேட்டரியும் காலி.

யமஹா ஆர்எக்ஸ் 100 வேறு ஜாதி. 1985 முதல் 1996 வரை இங்கே விற்ற அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி பேட்டரி இல்லாமலே பொறி விடும். மேக்னட்டுக்குள் இருக்கும் ஒரு காயில், சிடிஐக்குள் இருக்கும் கெப்பாசிட்டரைச் சில நூறு வோல்ட்டுக்கு நிரப்பும். பல்சர் காயில் நேரம் பார்த்துச் சைகை காட்டும். கெப்பாசிட்டர் மொத்தத்தையும் இக்னிஷன் காயிலில் கொட்டும். புல்லட்டில் பழகிய கைகள் இங்கே தடுமாறுவது சாவி விஷயத்தில். புல்லட்டில் சாவியை அணைத்தால் மின்சாரம் துண்டிக்கப்படும். இந்த வண்டியில் சாவியை அணைத்தால் ஒரு ஒயர் எர்த்தோடு சேரும்; பொறிக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த வழியே பாடிக்கு ஓடிவிடும். ஆக, இங்கே அந்த ஒயர் அறுந்தால் வண்டி நிற்காது. எங்கோ உரசித் தோல் உரிந்து சேஸிஸைத் தொடும் ஒயர்தான் நிறுத்தும். மழைத் தண்ணீர் புகுந்த சாவி சுவிட்சும் அதே வேலையைச் செய்யும்.

சோதனை ஒரு நிமிடம்கூட ஆகாது. சிடிஐயிலிருந்து சாவிக்குப் போகும் அந்தக் கில் ஒயரை, யமஹா, ஹோண்டா வழி வண்டிகளில் பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது, கப்ளரில் கழற்றிவிட்டு உதையுங்கள். பொறி வந்துவிட்டதா? சிடிஐ நிரபராதி. சாவி சுவிட்சைக் காயவையுங்கள், ஒயரைத் தேடுங்கள். ஒயரைக் கழற்றிய நிலையில் சாவியால் வண்டியை அணைக்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கியரில் போட்டு, பிரேக்கைப் பிடித்து, கிளட்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும். பின்னால் வந்த பல வண்டிகளில் சிடிஐ பேட்டரி மின்சாரத்தில் ஓடுவது. அங்கே இந்தக் கணக்கு செல்லாது, பேட்டரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் மேக்னட் காயிலையும் பல்சர் காயிலையும் மீட்டரில் பாருங்கள். எத்தனை ஓம் என்று வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சுழியம் காட்டினாலும் முடிவிலி காட்டினாலும் அது போய்விட்டது. ஆனால் மீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. அரை மணி ஓடி நின்று, ஆறினதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் வண்டியின் காயிலை மறுநாள் காலை ஆற அமர அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். அது சூடாகி நின்ற இடத்திலேயே அளக்க வேண்டிய கேஸ்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது சிடிஐ மட்டும் என்றால், அதை மீட்டரால் நம்பகமாகச் சோதிக்க முடியாது. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடையதைக் கழற்றித் தரச் சொல்லி மாட்டிப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. அதையும் கடைசியில் செய்யுங்கள். ஷார்ட் ஆன ஒயரோடு அவருடையதை மாட்டினால் அவருடையதும் போகக்கூடும், நட்பும் சேர்ந்து.

பஜாஜ் பல்சரின் டிடிஎஸ்-ஐ வண்டிகளில் சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று செத்தாலும் வண்டி ஓடும். "மைலேஜ் குறைஞ்சிருச்சு" என்ற புகாராகத்தான் வரும். ஒரு கேப்பைக் கழற்றி, உபரிப் பிளக் ஒன்றைச் செருகி இன்ஜினில் எர்த் செய்துவிட்டு ஓடவிடுங்கள். சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் அந்தப் பக்கம் ஏற்கெனவே செத்திருந்தது.

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோலும் பொறியும் ஈசியூ என்ற ஒரே கணினியின் கையில். கிராங்க் சென்சார் போனால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பிளக் காய்ந்திருக்கிறது, ஆகவே பெட்ரோல் கோளாறு என்ற பழைய தர்க்கம் இங்கே காலை வாரும். சாவியைப் போட்டதும் டேங்குக்குள் பம்ப் 'ஊம்' என்று ஓரிரு நொடி முனகுகிறதா, இன்ஜின் விளக்கு எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். விளக்கு எரியவே இல்லையென்றால் ஈசியூவுக்கு மின்சாரம் போகிறதா என்பதே முதல் கேள்வி. கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், தளர்ந்த பேட்டரி, வண்டி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார், எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: வண்டி கிளம்பாது.

கடைசியாக, பாகம் மாற்றி வண்டி கிளம்பிவிட்டால் உடனே காசு கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். புதியதைக் கழற்றி, பழையதை அதே கப்ளரில் மாட்டி ஓர் உதை உதைக்கச் சொல்லுங்கள். கப்ளரைப் பிடுங்கிச் செருகும்போது பின்களில் பூத்திருந்த பச்சை உராய்ந்து போயிருக்கும்; வண்டி அதனால் பிழைத்திருக்கும், பேர் புதுப் பெட்டிக்குப் போயிருக்கும். பழையதிலும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் மெக்கானிக் முகம் கொஞ்சம் மாறும். எலெக்ட்ரிக்கல் சாமானை எந்தக் கடையிலும் லேசில் திரும்ப வாங்கமாட்டார்கள். ஆகவே புதியதை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.