புல்லட்டை விற்க வேண்டுமா?

"டாக்டர், இந்த வண்டியை வித்துடச் சொல்லுங்க!" இடுப்பு வலிக்காரக் கணவரோடு பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்த அம்மாவின் முறையீடு இது. அவருக்கு வயது 52. ஞாயிறு விடிந்தால் புல்லட்டில் ஏலகிரிதான். 2013 முதல் பக்கத்து ஒரகடத்திலேயே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை. ஆசை வராமல் இருக்குமா?

விசாரித்தேன். நாலு மணி நேரம் இறங்காமல் ஓட்டுவாராம். வழியில் ஒதுங்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லையாம்! அடக்கக் கூடாதென்று சித்த மருத்துவம் சொல்லும் 14 வேகங்களில் சிறுநீரும் ஒன்று. அடக்கினால் நீர்க்கடுப்புதான் மிஞ்சும்.

நீங்களும் இப்படியா? மணிக்கொரு தரம் இறங்கி நாலு எட்டு நடங்கள். தண்ணீர் குடியுங்கள். இரவில் உளுந்துத் தைலத்தை வெதுவெதுப்பாக இடுப்பில் தடவலாம். கால் மரத்துப்போனாலோ, தன்னையறியாமல் சிறுநீர் பிரிந்தாலோ தைலத்தை நம்பி உட்காராதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

விற்க வேண்டாம் என்றதும் அவர் முகத்தைப் பார்க்கணுமே! அம்மாதான் என்னை முறைத்தார்.