ஓஸ்லோவில் எம்.பி., கே.எல்-லில் யு.என். கார்டு: ஒரே ஊர் அகதிகளுக்கு ஏன் இரண்டு வாழ்க்கை?

சுங்கை வேயில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிச்சிட்டு இருக்கீங்க. பக்கத்து மேசையில் ஒருத்தர் போனில் பேசுகிறார்: "ஓம், பிறகு கதைக்கிறன்." நம்ம ஊர்த் தமிழ் இல்லை, யாழ்ப்பாணத் தமிழ். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கமும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீங்க. அவர் மாணவராக இருக்கலாம், பெர்மிட்டில் வேலைக்கு வந்தவராக இருக்கலாம். அகதியாகவும் இருக்கலாம்.

இப்போ நோர்வேக்குப் போவோம். ஹம்சாயினி குணரத்தினம் 1988-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மூன்று வயதில் குடும்பத்தோடு நோர்வே போனார். 2015-இல் ஓஸ்லோ நகரின் துணை மேயர். 2021-இல் நோர்வே நாடாளுமன்ற உறுப்பினர்.

இரண்டு பேரும் ஒரே போரிலிருந்து தப்பி வந்திருக்கலாம். ஆனால் ஒருவர் சட்டம் இயற்றும் இடத்தில் இருக்கிறார். இன்னொருவருக்குச் சட்டப்படி வேலை செய்யக்கூட வழியில்லை. ஏன்?

நோர்வேக்குத் தமிழர் எப்படிப் போனார்கள்?

தொடங்கி வைத்தவர் அந்தோணி இராஜேந்திரம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இவர் 1956-இல் நோர்வே போய் மீன்பிடித் தொழில் கற்றார். அவரைத் தொடர்ந்து சில இளைஞர்கள் மாணவர்களாகப் போனார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. உள்நாட்டுப் போர் 2009 வரை நீடித்தது. படிக்கப் போன இடத்துக்கு இப்போது தஞ்சம் கேட்டுப் போனார்கள்.

பலருக்கு முதல் வேலை வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில். குளிர்காலத்தில் சூரியனே எட்டிப் பார்க்காத ஊர்களில், நன்றாகப் படித்தவர்களும் மீன் வெட்டினார்கள். ஆனால் அது சட்டப்படியான வேலை. சம்பளம் வந்தது, வரி கட்டினார்கள், பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போனார்கள். பிறகு பலர் ஓஸ்லோவுக்கு நகர்ந்தார்கள். இன்று இலங்கைப் பின்னணி கொண்டோர் நோர்வே முழுதும் சுமார் 15,000 பேர். பெரும்பாலோர் தமிழர்.

இது தமிழர் கதை மட்டுமா?

இல்லை. பக்கத்து நாடான சுவீடனில் ஈராக்கியர் கதையும் இதே மாதிரிதான். சதாம் ஆட்சிக் காலத்திலும், 2003-இல் அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்த பிறகும் பெரும் கூட்டம் அங்கே போய்ச் சேர்ந்தது. சோடர்டாலியே என்ற நகரில் அப்போது சுமார் 80,000 பேர்தான் இருந்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏற்றதைவிட அதிக ஈராக் அகதிகளை எங்கள் ஊர் ஏற்றிருக்கிறது என்று அதன் மேயர் 2008-இல் அமெரிக்காவுக்கே போய்ச் சொன்னார். இன்று சுவீடனில் வாழும் ஈராக்கில் பிறந்தவர்கள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல்.

கோலாலம்பூரிலும் ஈராக் அகதிகள் இருக்கிறார்கள், சில நூறு பேர். ஆனால் அவர்கள் நிலையும் இங்குள்ள தமிழ் அகதிகளின் நிலைதான்.

அப்படின்னா மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

முக்கியமான விஷயம் இதுதான். அகதிகளின் உரிமைகளை வரையறுக்கும் 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் நோர்வே, சுவீடன் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. மலேசியா சேரவில்லை. நம் 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் 'அகதி' என்று தனிப் பிரிவே கிடையாது. போருக்குப் பயந்து வந்தவரும் பெர்மிட் இல்லாமல் வேலை தேடி வந்தவரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான். அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை விதிக்கலாம்.

யு.என். கார்டு இருக்கே, அது போதாதா?

ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975 முதல் மலேசியாவில் இயங்குகிறது. 2024 இறுதியில் அதில் பதிந்திருந்தவர்கள் 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். இலங்கைத் தமிழர் அதில் சிறு பகுதி.

அந்தக் கார்டு ஐ.சி. இல்லை, பெர்மிட்டும் இல்லை. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும். சாலையில் போலீஸ் நிறுத்தினால் கார்டைப் பார்த்துவிட்டு விடுவதும் உண்டு. ஆனால் அது நடைமுறைதான், சட்ட உரிமை இல்லை. 2014 மே மாதம் மலேசியா மூன்று இலங்கைத் தமிழர்களைத் திருப்பி அனுப்பியது. அவர்களில் இருவர் ஆணையம் அகதிகளாக ஏற்றுக்கொண்டவர்கள்.

சட்டப்படி வேலை கிடையாது. எனவே கைக்காசு வேலைதான். முதலாளி சம்பளம் தராமல் ஏமாற்றினால் புகார் செய்யவே பயம். பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை, தொண்டு அமைப்புகளும் அகதிச் சமூகங்களும் நடத்தும் கற்றல் மையங்கள்தான். மூன்றாம் நாடு ஒன்று அழைக்கும் என்று காத்திருக்கிறார்கள். உலக அளவில் ஓராண்டில் அந்த வாய்ப்பு கிடைப்பது நூறு அகதிகளில் ஒருவருக்குக்கூட இல்லை.

மலேசியா எப்போதுமே இப்படியா?

அதுவும் இல்லை. 1978 முதல் 1991 வரை திரங்கானுவின் பூலாவ் பீடோங் தீவு முகாமில் வியட்நாம் அகதிகள் லட்சக்கணக்கில் தங்கிச் சென்றார்கள். சுனாமிக்குப் பிறகு, 2005-இல் ஆச்சே மக்களுக்கு அரசு தற்காலிக பெர்மிட் கொடுத்தது. அவர்களால் சட்டப்படி வேலை செய்ய முடிந்தது. 2017-இல் 300 ரோஹிங்யா அகதிகளுக்கு வேலை கொடுக்க ஒரு முன்னோட்டத் திட்டமும் வந்தது. ஒப்பந்தத்தில் சேராமலேயே அரசு முடிவு எடுக்க முடியும் என்பதற்கு இவை உதாரணம்.

இன்னும் பின்னால் போனால், பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கட்டியது. நூறு ஆண்டுகளுக்கு முன் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை செய்ய ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்கள் மலாயா வந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று டாக்டர், வக்கீல், ஆசிரியர். அந்த யாழ்ப்பாணத்தார் மலேசியர். இந்த யாழ்ப்பாணத்தார் சட்டத்தின் கண்ணில் அனுமதியற்றவர்.

நோர்டிக் நாடுகளில் எல்லாமே நல்லபடியாகவா?

அப்படிச் சொல்ல முடியாது. அங்கேயும் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன. வேலைச் சந்தையில் ஒதுக்கப்பட்டதாகப் பலர் சொல்கிறார்கள். 2016 முதல் சுவீடன் பெரும்பாலான அகதிகளுக்குத் தற்காலிக அனுமதி மட்டுமே தருகிறது. வருபவர் எண்ணிக்கை கூடினால் வீடு, பள்ளி, மருத்துவமனைக்கு நெருக்கடி என்ற கவலை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு, நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்ற கேள்வி இல்லை.

இதில் நமக்கு என்ன?

மூன்று விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. ஒன்று, யு.என். கார்டு இருப்பவரைப் பெர்மிட் இல்லாமல் வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டு, கார்டு வைத்திருப்பவர் குற்றவாளி என்று அர்த்தமில்லை. அவர் கதையை விசாரித்து, அகதி என்று ஆணையம் ஏற்றிருக்கிறது. மூன்று, அவர் பிள்ளை பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர முடியாததற்குக் காரணம் பிள்ளையின் தமிழும் இல்லை, அறிவும் இல்லை. கையில் உள்ள காகிதம்தான்.

அந்த நோர்வே எம்.பி.யும் ஒரு காலத்தில் மூன்று வயது அகதிக் குழந்தைதான். அவர் குடும்பம் அன்று கோலாலம்பூருக்கு வந்திருந்தால் அவர் படித்திருக்கக்கூடிய இடம் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் கற்றல் மையமாக இருந்திருக்கும்.