அப்துல்ரஸாக் குர்னா: நமக்குத் தெரிந்த கடலின் மறுகரைக் கதைசொல்லி

2021 ஒக்டோபர் 7ஆம் திகதி இலக்கியத்துக்கான நொபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது நம்மில் அநேகர் கேட்ட முதற் கேள்வி, "ஆள் யார்?" என்பதுதான். ஆங்கில நாவல்களைத் தேடி வாசிப்பவர்களிற் கூடப் பலர் அப்துல்ரஸாக் குர்னாவைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. செய்தியைச் சொல்லத் தொலைபேசி வந்தபோது அவர் சமையலறையில் நின்றிருந்தார். யாரோ விளையாட்டுக்கு எடுக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தார். அப்போது அவருக்கு 72 வயது. பத்து நாவல்கள் வெளிவந்திருந்தன.

பரிசு கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒருவரை வாசிக்க வேண்டியதில்லை. குர்னாவை நாம் வாசிக்க வேண்டியதற்கு வேறு காரணம் உண்டு. அவர் எழுதுவது நம்முடைய கடலைப் பற்றி.

ஒரே காற்று, ஒரே கடல்

குர்னா 1948இல் ஸன்சிபார் தீவில் பிறந்தார். அவரது குடும்பத்தின் வேர் யெமனில் இருக்கிறது. பருவக்காற்றோடு அரபுக் கரையிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் வந்து, காற்று திரும்பும்வரை தங்கி, சரக்கும் சொல்லும் உறவும் மாற்றிக்கொண்டு போன துறைமுகம் அது. பருவம் என்பதற்கான 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் 'மொன்சூன்' ஆனது. அதே காற்றுத்தான் நம் மூதாதையர் பலரையும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா கிழக்கு ஆபிரிக்காவின் மொம்பாஸாவையும் கில்வாவையும் கண்டார். சில வருடங்களின் பின் இலங்கைக்கும் வந்து பாவாத மலை ஏறினார்.

அந்தக் கரையின் முஸ்லிம்களும் நம்மைப் போல் ஷாபிஈ மத்ஹபினர். அவர்களது சுவாஹிலி மொழியில் துனியா, கிதாபு, மைத்தி, கபுரி, வகாத்தி என்றெல்லாம் சொற்கள் உண்டு. நம்மட வீடுகளில் புழங்கும் துன்யா, கிதாபு, மையித்து, கபுறு, வக்து ஆகியவைதாம் இவை. நாம் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தது போல, அவர்களும் சுவாஹிலியை நெடுங்காலம் அரபு எழுத்திலேயே எழுதிவந்தார்கள்.

புறப்பாடு

1963 டிசம்பரில் ஸன்சிபார் சுதந்திரம் பெற்றது. ஒரு மாதம் கழிந்ததும், 1964 ஜனவரி 12இல், புரட்சி வெடித்தது. சுல்தானின் ஆட்சி வீழ்ந்தது. அரபு, தெற்காசிய வம்சாவழியினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். சிறையும் சொத்துப் பறிப்பும் நாடு கடத்தலும் தொடர்ந்தன. ஏப்ரலில் ஸன்சிபார் தங்கனிக்காவுடன் இணைந்தது. அந்த இணைப்பே பின்னர் தன்சானியா எனப்பட்டது.

18 வயதில் குர்னா ஊரை விட்டு இங்கிலாந்துக்குப் போனார். திரும்பிவர 1984 வரை வழி பிறக்கவில்லை. அந்தப் பயணத்தில்தான் மரணத்துக்குச் சற்று முன் வாப்பாவைப் பார்க்கக் கிடைத்தது.

கன்டர்பரியில் படித்தார், 1980 முதல் 1983 வரை நைஜீரியாவின் கானோ நகரில் பாயெரோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், 1982இல் கென்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின் அங்கேயே பேராசிரியராகி, ஓய்வுபெறும்வரை பணியாற்றினார். 21 வயதளவில் எழுதத் தொடங்கியவரின் முதல் நாவல் 'மெமரி ஒஃப் டிபார்ச்சர்' வெளிவந்தது 1987இல், அவருக்கு 38 வயதானபோது. அவசரப்படாத எழுத்து அது.

யூஸுபின் கதை, வேறு முடிவோடு

அவருக்குப் பெயர் தேடித் தந்தது 1994இல் வந்து, புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்த 'பரடைஸ்' நாவல். முதலாம் உலகப் போருக்கு முந்திய கிழக்கு ஆபிரிக்கா. பன்னிரண்டு வயது யூஸுப், வீட்டுக்கு வந்துபோகும் அஸீஸ் மாமாவோடு ரயிலேறுகிறான். விருந்தாளியாகப் போவதாகத்தான் பிள்ளையின் நினைப்பு. போன இடத்தில், அவனைப் போலவே கொண்டுவரப்பட்ட கலீல் விளங்கப்படுத்துகிறான்: அவர் உனக்கு மாமா இல்லை, 'ஸெய்யித்' என்றுதான் சொல்ல வேண்டும், உன் வாப்பா பட்ட கடனுக்காக நீ இங்கே நிற்கிறாய். பிக்ஹு நூல்களில் 'ரஹ்ன்' என்று படிக்கிறோமே, அடைமானம், அதற்கு ஒரு பிள்ளையே பொருளாகிவிட்டது.

யூஸுப் நபியின் சரிதையைத் தெரிந்த வாசகருக்கு நாவலின் அடித்தளம் உடனே புலப்படும். அழகிய இளைஞன், செல்வரின் வீடு, ஸுலைகா என்ற எஜமானி, பின்புறமாகக் கிழியும் சட்டை. ஆனால் நபியின் சரிதையில் அடிமையாய்ப் போனவர் நாட்டின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாகிறார்; பிரிந்த குடும்பம் சேர்கிறது. குர்னாவின் யூஸுபுக்கு அந்த விடுதலை இல்லை. ஜேர்மன் படை ஊருக்குள் வந்து ஆள்பிடித்துப் போகிறது. கடைசியில் அவன் அந்தப் படையின் பின்னாலேயே ஓடுகிறான். ஓர் எஜமானிடமிருந்து இன்னொரு எஜமானிடம்.

இங்கே குர்னா செய்வது துணிச்சலான காரியம். வெள்ளைக்காரன் வருமுன் எல்லாம் சுவனமாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. தொழுகையை விடாத, மென்மையாகப் பேசுகிற அஸீஸ்தான் பிள்ளைகளை அடைமானமாக எடுக்கிறார். ஸன்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல என்பது விளங்கும். அதேவேளை, இதைக் காட்டி ஐரோப்பிய ஆட்சியை நியாயப்படுத்தவும் அவர் இடம் வைக்கவில்லை.

ஊதுப் பெட்டி

2001இல் வந்த 'பை த ஸீ' நாவலில், ஸாலிஹ் உமர் என்ற 65 வயது முதியவர் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்கி அகதி அந்தஸ்துக் கேட்கிறார். கடவுச்சீட்டில் இருப்பது இன்னொருவரின் பெயர். ஆங்கிலம் தெரிந்தும், யாரோ சொன்ன புத்திமதிப்படி தெரியாதவர் போல நிற்கிறார். அவரது பையிலிருந்த ஊதுப் பெட்டியை, அகில் கட்டையின் வாசம் நிறைந்த அந்தச் சின்னப் பெட்டியை, குடிவரவு அதிகாரி தனக்கென்று எடுத்துக்கொள்கிறார். அந்த அதிகாரியின் பெற்றோரும் ஒரு காலம் அகதிகளாய் வந்தவர்கள்தாம்.

வாசகர் முதியவர்மீது இரக்கப்படத் தொடங்கும் வேளையில் அடுத்த கதை திறக்கிறது. அவர் சுமந்து வந்த பெயருக்குரியவரின் மகன் லத்தீப் லண்டனில் இருக்கிறார். ஒரு வீடு கைமாறிய பழைய வழக்கு இரு குடும்பத்துக்கும் நடுவில் கிடக்கிறது. இருவரும் இருந்து தத்தம் பக்கத்தைச் சொல்லச் சொல்ல, யார் அநியாயம் செய்தவர், யார் அநியாயம் செய்யப்பட்டவர் என்ற கணக்கு மாறிக்கொண்டே போகிறது.

2020இல் வெளியான 'ஆஃப்டர்லைவ்ஸ்', ஜேர்மன் படையில் கூலிச் சிப்பாய்களாய்ச் சண்டையிட்ட ஆபிரிக்கரைப் பேசுகிறது. எழுதப் படித்துக்கொண்ட குற்றத்துக்காக மாமனால் கை முறிக்கப்பட்ட ஆபியா, போரிலிருந்து காயத்தோடு திரும்பிய ஹம்ஸா ஆகிய இருவரின் அடக்கமான காதல் அந்நாவலின் உயிர். பரிசுக்குப் பின் 2025இல் 'தெஃப்ட்' வந்தது. களவுப் பழி சுமத்தப்பட்ட ஏழை இளைஞன் ஒருவன் அதில் வருகிறான்.

மொழியும் நமக்கான கேள்வியும்

தாய்மொழி சுவாஹிலியாயினும் குர்னா எழுதுவது ஆங்கிலத்தில். ஆனால் சுவாஹிலி, அரபுச் சொற்களை அப்படியே கலக்கிறார். பெரும்பாலும் பொருள் சொல்வதில்லை. அந்நியச் சொல் என்று அடையாளம் காட்டச் சாய்வெழுத்தில் அச்சிடும் ஆங்கிலப் பதிப்பு வழக்கத்தை அவர் கண்டித்திருக்கிறார். நம் எழுத்தாளருக்கும் இது பழகிய சங்கதி. 'வாப்பா', 'மௌத்து' என்று எழுதிவிட்டு அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டவர்கள்தானே நாம்? ஒரு வீட்டுச் சொல் கதைக்குள் தன் இடத்தில் இருந்தால், பொருள் தானாக விளங்கும் என்பதற்கு அவரது நாவல்கள் சாட்சி.

இன்னொரு பாடம் இதைவிடக் கடினமானது. நம்முடைய புனைகதைகள் பல இரண்டில் ஒன்றையே செய்கின்றன: சமூகத்தின் பெருமையைச் சொல்கின்றன, அல்லது சமூகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்கின்றன. இரண்டும் தேவைதான். ஆனால் நம் வீட்டுக்குள்ளே நின்ற வேலைக்காரப் பிள்ளையை, சீதனத்துக்காக எழுதிக் கொடுக்கப்பட்ட வளவை, சொந்தத்துக்குள் மூண்ட காணி வழக்கை எழுத வந்தால், "வெளியாள் என்ன சொல்வான்?" என்ற பயம் பேனையைப் பிடித்துக்கொள்கிறது. குர்னாவின் மக்களும் சிறுபான்மையாகி அடிபட்டவர்கள்தாம். அந்த வலியை அவர் மறைக்கவில்லை. வலியைக் காரணம் காட்டி வீட்டுக்குள் நடந்ததையும் மறைக்கவில்லை. அதனால் அந்த மக்களுக்குக் குறைவு ஏதும் வந்துவிடவில்லை. குற்றமும் கருணையும் சேர்ந்த முழு மனிதர்களாக உலகம் இப்போது அவர்களை அறிகிறது.

'பரடைஸ்' கிடைத்தால் அதிலிருந்து தொடங்கலாம். யூஸுப் நபியின் கதை கேட்டு வளர்ந்த வாசகருக்கு அதில் பாதி வழி முன்னரே தெரியும். மீதி வழிதான் நம்மை யோசிக்க வைக்கும்.