மேடையில் சொன்னதைப் பிடித்து வையுங்கள்

செப்டம்பர் பிறந்தால் எனக்குத் தெரிந்துவிடும், பொங்கலுக்குள் எப்படிப்பட்ட ஆட்கள் நம் படியேறி வருவார்கள் என்று. செல்போன் கம்பெனிகள் புது மாடலை மேடையேற்றும் மாதம் அது. அன்று இரவே முன்பதிவு, மறு வாரம் கையில் பெட்டி, நான்கு மாதம் கழித்து முகத்தில் சலிப்பு. "மேடையில சொன்ன வசதி இதுல வரவே இல்ல சார்." நான் கேட்பது ஒன்றுதான்: "அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு கையில ஏதாவது வச்சிருக்கியா தம்பி?" பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "யூடியூப்ல இருக்குமே சார்."

தேடுவோம். பல நேரம் இருக்காது. இருந்தால் வாசகம் மாறியிருக்கும்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2024 ஜூன் 10 அன்று ஆப்பிள் நிறுவனம், பயன்படுத்துகிறவரின் சொந்த விவரங்களைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் புதிய சிரி வரப்போகிறது என்று அறிவித்தது. அந்தச் செப்டம்பரில் ஐபோன் 16 விற்பனைக்கு வந்தபோது அதையே முன்னிறுத்தி விளம்பரம் ஓடியது. 2025 மார்ச்சில், அந்த வசதி தாமதமாகும் என்றார்கள்; விளம்பரம் யூடியூபிலிருந்து எடுக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் போன் வாங்கியவர்கள் அதே மாதம் வழக்குப் போட்டார்கள். நம்மூரில் வாங்கியவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு. 2021 ஜூலை 15 அன்று ஓலா எலெக்ட்ரிக் 499 ரூபாய்க்கு ஸ்கூட்டர் முன்பதிவைத் திறந்தது. தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில். வண்டியின் விலையே அன்று தெரியாது. அது ஆகஸ்ட் 15 அன்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் முன்பதிவு என்று கம்பெனி அறிவித்தது. கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்காமல் வாங்காத நாம், விலை தெரியாத வண்டிக்குக் காசு கட்டினோம். வண்டி கொடுக்கத் தொடங்கியது டிசம்பர் நடுவில். க்ரூஸ் கன்ட்ரோல் போன்ற வசதி அப்போது வண்டியில் இல்லை. 2022 ஜூன் வாக்கில் மென்பொருள் அப்டேட்டில் வந்தது. பிறகு 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவான 10,644 புகார்கள் அதன் அடிப்படை. 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டோம் என்றது கம்பெனி. யார் சொல்வது சரி என்பதை விடுங்கள். ஷோரூம் வாசலில் நின்று திட்டியவர் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. 1915க்குப் போன் செய்து பதிவு எண் வாங்கியவர்தான் இருக்கிறார்.

சரி, மேடைப் பேச்சு சட்டப்படி செல்லுமா? செல்லும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘விளம்பரம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தை வாசித்தால் சிரிப்பு வரும். ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, இணையம் என எதன் வழியாகச் சொன்னாலும் அது விளம்பரமே. லேபிள், உறை, பில்கூட அதற்குள் அடக்கம். யாராவது புகையில் எழுதி செல்போன் விற்றாலும் சட்டம் விடாது. பொய்யான விவரமும், ஏமாற வைக்கும் உத்தரவாதமும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம். முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளில் இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று, நட்சத்திரக் குறி போட்டு அடியில் எழுதும் நிபந்தனை, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். மேலே தமிழில் ஆசை காட்டி, கீழே எறும்பு போல ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது மீறல்தான். தினமும் பத்திரிகையில் பார்க்கிறேன், ஒருவரும் புகார் செய்வதில்லை. இரண்டு, தூண்டில் விளம்பரம். சொன்ன விலைக்கு விற்க முடியும் என்ற நியாயமான வாய்ப்பு இல்லாமல், கையில் சரக்கு இல்லாமல் ஆள் இழுக்கக் கூடாது. இந்த நெறி 2016இல் இருந்திருந்தால் நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் கம்பெனி 251 ரூபாய் ஸ்மார்ட்போனை அறிவித்த அன்றே மடக்கியிருக்கலாம். அறிமுக விழாவில் காட்டிய மாதிரியில் வேறொரு கம்பெனியின் பெயரை ஒயிட்னர் வைத்து மறைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் பணம் கட்டியவர்கள் இருந்தார்கள்!

காரியத்துக்கு வருகிறேன். பணம் கட்டும் முன், அறிவிப்பு நாளன்றே, மூன்று விஷயங்களைப் பிடித்து வையுங்கள். கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்தை, முகவரியும் தேதியும் தெரியும்படி பிடிஎஃப் ஆக்குங்கள். யாரோ அனுப்பிய ஃபார்வேர்டு உதவாது. அந்தப் பக்கத்தின் கடைசிவரை இறங்கி, பொடி எழுத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். "பின்னர் வரும்", "சில மொழிகளில் மட்டும்", "அப்டேட் தேவை" என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். முன்பதிவுத் தொகையைத் திருப்பித் தருவார்களா, எத்தனை நாளில் என்ற வரியைத் தனியாகப் பிடியுங்கள். மூன்றையும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டால் தேதி தானாகப் பதிவாகிவிடும். பத்து நிமிட வேலை. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்த வருடம் அதே ஆள் வெறுங்கையோடு வருவார்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் கம்மி" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து குருவிகள் கொண்டுவரும் புத்தம் புது மாடல் நம்மூர் ஷோரூமுக்கு முந்தியே கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் பில் இல்லையென்றால் நீங்கள் அதை வாங்கியவர் என்று நிரூபிக்கவே முதலில் மல்லுக்கட்ட வேண்டும். ஜிஎஸ்டி எண்ணும், போனின் ஐஎம்இஐ எண்ணும் பில்லில் அச்சாகியிருக்க வேண்டும். *#06# அழுத்தினால் திரையில் ஐஎம்இஐ வரும். கடை கவுன்டரிலேயே ஒத்துப் பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற ரப்பர் ஸ்டாம்புக்குப் பயப்படாதீர்கள். பில்லில் காலக்கெடு எதுவும் போடாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே 2019 சட்டம் சொல்கிறது.

தவணையில் வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போன் சரியில்லை என்பதற்காகத் தவணையை நிறுத்தாதீர்கள். விற்றவன் வேறு, கடன் கொடுத்தவன் வேறு. நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும், வசூல் ஆள் வாசலுக்கு வருவான், வழக்கில் உங்கள் பக்க நியாயமும் அடிபடும். போன மாதம்கூட ஒரு தம்பி கோபத்தில் இதைச் செய்துவிட்டு, வீட்டுக்கடன் கேட்டபோது மாட்டிக்கொண்டார். மறுபடி சொல்கிறேன், தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

பிரச்சினை வந்த பின் நம் மக்கள் போகும் இடங்கள் மூன்று. மூன்றிலும் பெரும்பாலும் நேரம்தான் போகிறது. முதலாவது எக்ஸ் தளம். கம்பெனியை டேக் செய்து நான்கு வரி திட்டுவார்கள், "தனிச்செய்தியில் தொடர்புகொள்ளுங்கள்" என்று பதில் வரும், அதோடு ஆறு மாதம் ஓடும். இரண்டாவது காவல் நிலையம். அங்கே மனு ரசீது ஒன்று தருவார்கள். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். போலி இணையதளத்தில் முன்பதிவு செய்து பணம் போயிருந்தால் மட்டுமே காவல்துறை வேலை. அப்போதுகூட நிலையத்துக்கு நடக்கும் முன் 1930க்கு அழையுங்கள், உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அதுதான் வழி.

மூன்றாவது, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம். இது முழுத்தவறு அல்ல. தவறான விளம்பரத்தைப் பற்றிப் பொதுவான புகாரை மாவட்ட ஆட்சியரிடமே தரலாம் என்று சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பிரிவைக் குறிப்பிடாமல் கொடுத்தால் பட்டா மனு, முதியோர் பென்ஷன் மனுவோடு சேர்ந்து எங்கோ போகும். குறிப்பிட்டுக் கொடுத்தாலும், "இது எங்க செக்‌ஷன் இல்லையே" என்று இரண்டு மேசைகள் கைகாட்டும். மனுவின் தலைப்பிலேயே சட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதி, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். இந்த வழியில் முதலில் வருவது விசாரணையும் அபராதமும்தான். வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரச் சொன்னதும் உண்டு: "5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லையேல் 50 ரூபாய்" என்று விளம்பரம் செய்த ராபிடோவுக்கு 2025 ஆகஸ்டில் 10 லட்சம் அபராதம் போட்டபோது மத்திய ஆணையம் அப்படி உத்தரவிட்டது. ஆனால் உங்கள் ஒரு போனுக்கான பணத்துக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

அதற்கான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் கோர்ட் என்று நாம் சொல்வது அதைத்தான். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை அங்கே போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இதை ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்கிறேன், ஆனாலும் "கோர்ட்டுன்னா செலவாகுமே" என்கிறார்கள். கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கம்பெனி பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். 499 ரூபாய் முன்பதிவு மட்டும் கட்டியவரும் நுகர்வோர்தான். பாதி கொடுத்து மீதி தருவதாகச் சொன்னவரையும் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. டெலிவரி வேலைக்காக ஸ்கூட்டர் வாங்கியவர்கள், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கினேன் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். இல்லையென்றால் "வணிக நோக்கம்" என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே தள்ளிவிடப் பார்க்கும்.

ஆணையத்துக்குப் போகும் முன் சில படிகளை ஏறி வையுங்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் வாங்கும்போது, உங்கள் குறை உங்கள் வார்த்தையிலேயே இருக்கிறதா என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். "மேடையில் அறிவித்த இன்ன வசதி இல்லை" என்று நீங்கள் சொல்ல, அவர்கள் "மென்பொருள் பரிசோதனை" என்று எழுதிக்கொள்வார்கள். அந்தத் தாள்தான் பின்னால் உங்கள் கழுத்தைப் பிடிக்கும். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது 2020 மின்வணிக விதி. கூடவே 1915இல் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1915 பேசித் தீர்த்துவைக்க முயலும், தீர்ப்பு சொல்லாது. அங்கே பதிவு செய்ததால் வழக்குப் போடும் காலக்கெடு நின்றுவிடாது.

அதன் பிறகு ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு, கம்பெனிக்கு ஒரு கடிதம். பெட்டியில் மின்னும் பிராண்டு பெயருக்கு அனுப்பாதீர்கள். பில்லிலும் உறையின் அடியிலும் "பிரைவேட் லிமிடெட்" என்று முடியும் சட்டப்பெயர் இருக்கும். அந்தப் பெயர், அந்தப் பதிவு அலுவலக முகவரி. மனுவிலும் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், விற்ற கடை என எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். கடையை மட்டும் சேர்த்தால் "நாங்க வித்தோம், அவ்வளவுதான்" என்று கைகழுவுவார்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எந்தத் தேதியில் என்ன அறிவித்தார்கள், எப்போது எவ்வளவு கட்டினீர்கள், கைக்கு வந்தது என்ன, என்ன கேட்கிறீர்கள். இந்த வரிசை போதும், வீரவசனம் வேண்டாம். கேட்பதைத் தொகையாக எழுதுங்கள்: பொருளின் விலை இவ்வளவு, மன உளைச்சலுக்கு இவ்வளவு, செலவுக்கு இவ்வளவு. பிடிஎஃப் அச்சு, பில், ஜாப் ஷீட், கடித நகல் எல்லாவற்றுக்கும் எண் போட்டு இணைத்து, உறுதிமொழிப் பத்திரமும் வையுங்கள். நேரில் தரலாம், அல்லது 2025 ஜனவரி முதல் இ-தாக்கிலின் இடத்துக்கு வந்திருக்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் ஏற்றலாம். தளம் சில நாள் படுத்துக்கொள்ளும் என்பதால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

கடைசி நாள் என்பது பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. "அடுத்த அப்டேட்டில் வரும்" என்று கம்பெனி சொல்லச் சொல்ல நாள்காட்டி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டு. தாண்டினால் தாமதத்துக்குத் தனியாகக் காரணம் காட்டி மன்றாட வேண்டும்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் வாங்கலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வழக்கை மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அப்படி முடிவதை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். ஆணையங்களின் காலியிடங்களை நிரப்பாமல் வைத்திருக்கும் அரசுகளிடம்தான் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள். நீங்கள் வராத நாளில் வழக்கு தள்ளுபடியாகலாம். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தும் பணம் வராவிட்டால், அதே ஆணையத்தில் 71, 72 பிரிவுகளில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைகூட உண்டு. அந்த மனுவுக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். தீர்ப்பு அன்றே அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.